மான்கொம்பு என்று சொன்ன கைப்பிடிகள்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்துப் பிழை இருக்கும், நடந்ததை முன்பின்னாகச் சொல்லியும் இருப்பேன். சில விஷயம் மறந்தும் போயிற்று. மூத்தோர் சங்கத்து மலருக்காக, இங்கே ஆஸ்திரேலியாவில் வேலைக்குப் போன பெண்கள் தங்கள் வேலையைப் பற்றி எழுதவேண்டும், புதிதாக வந்து வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு உதவும் என்று கேட்டார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், பேக்கரி என்று எழுதியிருக்கிறார்கள். நான் வேலை செய்தது ஒரு கத்திப் பட்டறையில். கூட்டத்தில் எழும்பிப் பேசச் சொன்னபோது எனக்கு வாய் வரவில்லை. ஆகவே எழுதித் தருகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. முதல் நாள்

அப்போது நான் பென்டில் ஹில்லில் மகன் வீட்டில் இருந்தேன். என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மருமகள் குறை சொல்லத் தெரியாத பிள்ளை. ஆனாலும் அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனபிறகு, அவர்களுடைய குசினியில் அவர்களுடைய தேயிலையைப் போட்டுக் குடித்துவிட்டு, அவர்களுடைய கதிரையில் இருக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எனக்கென்று இருந்தது வெள்ளிக்கிழமை மட்டும்தான். வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலில் சுவாமிக்குப் பூக் கட்டுவேன். அங்கே எனக்குப் பக்கத்தில் இருந்து பூ எடுத்துத் தரும் கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒருத்தி ஒருநாள் சொன்னாள்.

"உங்க விரல் நிக்கவே மாட்டேங்குதே ஆன்ட்டி. எங்க வீட்டுக்காரர் வேலை செய்யிற பட்டறைல பொடிப்பொடி ஆணியெல்லாம் கோக்கறதுக்கு ஆள் தேடறாங்க. வர்றீங்களா?"

அவளுடைய வீட்டுக்காரர்தான் செந்தில். அந்தப் பிள்ளையால் எனக்கு வேலை கிடைத்தது.

பென்டில் ஹில்லில் ரெயின் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் செவன் ஹில்ஸ். இறங்கி இருபது நிமிடம் நடக்க வேண்டும். வரிசையாகத் தகர ஷெட்டுகள். ஒரு பக்கம் டயர் மாற்றுகிற இடம், மற்றப் பக்கம் குளியலறை ஓடு விற்கிற இடம், நடுவில் எங்கள் பட்டறை. வெளியே பெயர்ப்பலகை இல்லை. பெயர்ப்பலகை இல்லாத இடமென்றால் எனக்கு முதலிலேயே நம்பிக்கை வராது.

உள்ளே முதலாளி கிரெக், செந்தில், நான். மூன்றே பேர். கிரெக் வயதான ஆஸ்திரேலியர். என் பெயர் செல்வமலர். அது அவருக்கு வராது. "செல்" என்று கூப்பிடுவார். பட்டறையில் புது மடக்குக் கத்திகள் செய்து விற்பார்கள். பழைய கத்திகளைத் திருத்தியும் கொடுப்பார்கள். தோட்டக்காரர், ஆடுமாடு வளர்ப்பவர்கள் பொக்கெட்டில் வைத்துக்கொள்ளும் கத்தி. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

செந்தில் எனக்கு முன்னால் ஒரு தட்டை வைத்தார். அதற்குள் விரல் நீளத்தில் பழுப்பு நிறத் துண்டுகள். மேற்பக்கம் முழுக்கப் பள்ளமும் மேடும். மரப்பட்டையைத் தடவுவது போல இருந்தது. இப்படி இரண்டு துண்டை இரண்டு பக்கமும் வைத்துப் பித்தளைப் பின், அதாவது கம்பி போன்ற சின்ன ஆணி, அடித்தால் அதுதான் கைப்பிடி. ஒரு துண்டுக்குப் பெயர் ஸ்கேல். நிறமும் கோடும் ஒத்துப்போகிற மாதிரி ஸ்கேல்களைச் சோடி சேர்ப்பது, எண்ணெய் பூசித் துடைப்பது, பின் கோர்ப்பது, இதுதான் என் வேலை.

"உது என்ன தம்பி, மரமோ?" என்று கேட்டேன்.

"இல்லைங்கம்மா. மான் கொம்பு."

"மானைக் கொன்றோ எடுக்கிறது?"

"அதெல்லாம் இல்லைங்க. மானுக்கு வருஷா வருஷம் கொம்பு தானா விழுந்துரும். காட்டுல பொறுக்கிட்டு வருவாங்க."

"நான் சைவம் தம்பி. வெள்ளிக்கிழமையில கோயிலுக்குப் பூக் கட்டுறனான். அதுதான் கேட்டனான்."

"தெரியுமுங்க. பயப்படாம செய்யுங்க."

அதைச் சொல்வதற்கு முன் அவர் பின்னால் பூட்டியிருந்த அறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். உண்மை சொல்லுகிறவன் எதற்குக் கதவைப் பார்க்கவேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். கேட்கவில்லை. எனக்கு வேலை வேண்டும்.

2. பென்சில் தேய்த்த கதை

திருத்த வருகிற ஒவ்வொரு கத்திக்கும் ஒரு ஜொப் கார்ட் உண்டு. கைப்பிடி என்ன நிறம், எங்கே வெடிப்பு, எங்கே உடைவு என்று அதில் ஆங்கிலத்தில் எழுதவேண்டும். எனக்கு ஆங்கிலம் எழுதத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வெட்கம். ஆகவே கார்டைக் கைப்பிடியின் மேல் வைத்துப் பென்சிலைச் சரித்துப் பிடித்துத் தேய்த்தேன். சின்ன வயதில் காசின் மேல் கடுதாசி வைத்துத் தேய்ப்போமே, அதேபோலத்தான். பள்ளம், மேடு, வெடிப்பு எல்லாம் அப்படியே கார்டில் விழுந்தது.

கிரெக் முதல் கார்டைக் கண்டபோது அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "கீப் டூயிங் தட், செல்" என்றார். அன்றிலிருந்து நான் எழுதவில்லை. தேய்த்தேன்.

3. ஒரே இடத்தில் ஒரே காயம்

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒருநாள் சோடி சேர்க்கும்போது ஒரு தட்டு முழுவதும் மிகச் சுலபமாகச் சேர்ந்தது. எதை எடுத்தாலும் எதோடும் சேர்ந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. பூவில்கூட இரண்டு பூ ஒரே மாதிரி இராது.

ஸ்கேல்களை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒரு நீளப் பள்ளம், இரண்டு கட்டைப் பள்ளம், திரும்ப ஒரு நீளம். எல்லாவற்றிலும் அதே ஒழுங்கு. ஒவ்வொரு நீளப் பள்ளத்துக்குள்ளும் மயிர் போல இன்னொரு கோடு ஓடியது. பத்துத் துண்டு எடுத்துப் பார்த்தேன். பத்திலும் அதே இடத்தில் அதே கோடு.

செந்திலிடம் போனேன்.

"தம்பி, எல்லா மானுக்கும் ஒரே இடத்திலேயோ காயம் பட்டது?"

அவர் துண்டை வாங்கிப் பார்த்தார். "கட்டர்ல ஒரு பல்லு உடைஞ்சிருக்குதுங்கம்மா. அதான் கூட ஒரு கோடு விழுது. மாத்திடறேன்."

"கொம்பில இயற்கையாப் பள்ளம் இருக்குத்தானே? பிறகேன் கட்டர்?"

"சும்மா பள்ளத்தைக் கொஞ்சம் எடுத்துக் காட்ட வெட்டறதுங்க. ஜிக்கிங்குன்னு சொல்லுவோம்." சொல்லிவிட்டு அந்தப் பூட்டிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த அறைக்குள் தூசி, நுரையீரலுக்குக் கூடாது, நீங்கள் வரவேண்டாம் என்று எனக்கு முதலே சொல்லியிருந்தார்கள். மாஸ்க் போடாமல் ஒருவரும் போவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் தூசியைத் தவிர வேறும் ஏதோ உள்ளே இருக்கிறது என்று என் மனம் சொன்னது. பின்னுக்கு ஓட்டை துளைக்கும்போது தலைமயிர் கருகுகிற மணம் வரும். அதையும் கேட்டேன். கொம்பும் அப்படித்தான் மணக்கும் என்றார். அது பொய்யில்லை என்று பின்னால் தெரிந்தது. அப்போது அதையும் நான் நம்பவில்லை. ஒன்றில் சந்தேகம் வந்தால் பிறகு எல்லாவற்றிலும் வந்துவிடுகிறது.

வேறொன்றும் கவனித்தேன். வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்குப் போகும்போது செந்தில் பேப்பரில் சுற்றிய ஒரு பார்சலைக் காரின் பின்னால் வைப்பார். கிரெக் முன்பக்கம் இருக்கும்போது வைக்கமாட்டார். கிரெக் உள்ளே போனபிறகுதான் வைப்பார். ஒரு தடவை நான் பார்ப்பதைக் கண்டுவிட்டு, "கறிவேப்பிலை கொண்டாரட்டுங்களா அம்மா, நம்ம வீட்டுல மரமா நிக்குது" என்று கதையை மாற்றினார். திங்கட்கிழமை ஒரு பை நிறையக் கறிவேப்பிலை வந்தது. பிறகு ஒவ்வொரு திங்களும் வந்தது. நல்ல பச்சை, நல்ல வாசம். நான் வாங்கிக்கொண்டேன். வாயை அடைக்கத் தருகிறார் என்று நினைத்துக்கொண்டேதான் வாங்கினேன்.

4. நான் செய்த பிழை

இப்போது என்னுடைய பிழையைச் சொல்லவேண்டும்.

கொலின் என்று ஒருவர் ஒரு பழைய கத்தி கொண்டுவந்து தந்தார். வெகு தூரத்தில் ஆடு வளர்க்கிற மனிதர். காரில் ஐந்து மணித்தியாலம் ஓடி வந்திருந்தார். அது அவருடைய பாட்டனின் கத்தி. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அதை மட்டும் மாற்றித் தாருங்கள், வேறு ஒன்றும் தொடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நான் கைப்பிடியின் இரண்டு பக்கத்தையும் கார்டில் தேய்த்து எடுத்தேன். செந்தில் ஸ்பிரிங் மாற்றினார். கடைசியாகத் துடைத்து எண்ணெய் பூச எனக்கு வந்தது.

அந்தக் கத்தியின் இரண்டு நுனியிலும் பித்தளைப் பூண் இருந்தது. கறுத்து, களிம்பு பிடித்து, பார்க்கவே அந்தரமாக இருந்தது. பட்டறையில் பொலிஷ் இருந்தது. ஆனால் பித்தளை என்றால் எங்கள் கைக்கு என்ன வரும்? என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ரசத்துக்கு வாங்கி வைத்த புளி இருந்தது. ஒரு துண்டைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். பூண் குத்துவிளக்கு போலப் பளபளத்தது. எனக்குச் சந்தோஷம். புளித்தண்ணீர் கைப்பிடிக்கும் ஓடியிருந்தது. அதில் ஊறியிருந்த ஊத்தையெல்லாம் கரைந்து வந்தது. அதையும் விடுவானேன் என்று நல்லாகத் தேய்த்துக் கழுவினேன்.

காய்ந்தபிறகு பார்த்தேன். கைப்பிடி வெளுத்திருந்தது. கறுப்பாக இருந்த மேடுகள் வெந்தயத்தின் நிறத்துக்கு வந்துவிட்டன. எண்ணெய் பூசினேன். கொஞ்சம் இருண்டது. பரவாயில்லை என்று பெட்டிக்குள் வைத்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்துக் கொலின் திரும்ப வந்தார்.

5. மூன்று கடுதாசி

காலை பத்து மணி இருக்கும். அவர் கத்தியை மேசையில் வைத்துவிட்டு, "தட்ஸ் நொட் மை ஹேண்டில்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திராது. அவர் பேசியதில் எனக்கு அரைவாசிதான் விளங்கியது. மிச்சம் செந்தில் பிறகு சொல்லித்தான் தெரியும்.

அவர் சொன்னது இதுதான். இந்தக் கத்தியின் கைப்பிடி மான்கொம்பு. அவருடைய பாட்டன் தானே சுட்ட மான். வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லிவருகிற கதை. இங்கிருந்து கத்தியை வாங்கிப் போனபிறகு, பழைய கத்தி சேர்க்கிற ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவர் பார்த்துவிட்டு, இது கொம்பில்லை, எலும்பு, உனக்கு மாற்றித் தந்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கிறார். நிறமும் மாறியிருக்கிறதே, உங்களில் ஒருவர் என் பாட்டனின் கொம்பைக் களவெடுத்துவிட்டு எலும்பை வைத்துவிட்டீர்கள் என்றார்.

கிரெக் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். செந்தில் என்னைப் பார்த்தார். நான் செந்திலைப் பார்த்தேன்.

கொலின் ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வருகிறேன், அதற்குள் என் கைப்பிடி இந்த மேசையில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் என்னைத் தெரிந்த ஒருவனும் உன் கடைப் பக்கம் வரமாட்டான் என்று கிரெக்கிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். கிரெக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எங்களைப் பார்க்காமல் சொன்னார். "அது யாரிடம் இருந்தாலும் இந்த மேசையில் வையுங்கள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன்." சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டார்.

ஒன்றும் கேட்கமாட்டேன் என்றால் அவரும் எங்களைக் கள்ளர் என்று நினைத்துவிட்டார் என்றுதானே அர்த்தம். வேலை போனால்கூடப் பரவாயில்லை. கள்ளி என்ற பெயரோடு மகன் வீட்டு வாசலில் போய் எப்படி நிற்பது? செந்திலின் மனைவி வெள்ளிக்கிழமை எனக்குப் பக்கத்தில் இருப்பாள். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

எனக்கு உடனே அந்தப் பேப்பர் பார்சல்தான் ஞாபகம் வந்தது. செந்தில் கார்ப் பக்கம் போனார். நானும் பின்னால் போனேன். அதுவரை நான் ஒரு ஆண்பிள்ளையை மறித்துக் கேள்வி கேட்டதில்லை.

"தம்பி, கார் டிக்கியைத் திறவுங்கோ."

"எதுக்குங்கம்மா?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒரு பார்சல் கொண்டு போறீங்கள். நான் பாத்தனான். அதுக்குள்ள என்ன?"

அவருக்கு முகம் சிவந்தது. "என்னையத் திருடன்னு நெனச்சுட்டீங்களா?"

"திறவுங்கோ, பிறகு கதைப்பம்."

திறந்தார். வெள்ளிக்கிழமை வைத்த பார்சல் இன்னும் இறக்காமல் அங்கேயே இருந்தது. பிரித்துக் காட்டினார். மா போலத் தூள், இளமஞ்சள் நிறம்.

"இது மெஷின்ல விழுற தூளுங்க. கறிவேப்பிலைக்குப் போட்டா நல்லா வரும். கிரெக் கிண்டல் பண்ணுவாருன்னுதான் தெரியாம எடுத்துட்டுப் போறது."

"கொம்புத் தூளோ?"

அவர் பார்சலைத் திரும்பச் சுற்றத் தொடங்கினார்.

"என்ன தூள் எண்டு சொல்லுங்கோ தம்பி."

"எலும்புங்கம்மா."

"என்ன எலும்பு?"

"மாட்டு எலும்புங்க. கால் எலும்பு. இங்க வர்றது முக்காவாசி அதுதான். கொம்பெல்லாம் எப்பவாவது ஒண்ணு ரெண்டு வரும்."

நான் என் கையைப் பார்த்தேன். ஆறு மாதமாக அந்தக் கையால் அந்தத் தட்டைத் தொட்டு, அந்தக் கையால் வெள்ளிக்கிழமை பூத் தொட்டிருக்கிறேன். கறிவேப்பிலை வேறு. வாரத்துக்கு ஒரு பை.

"ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"உங்களுக்கு முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. எலும்புன்னு சொன்ன நிமிஷம் பையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. உங்களுக்கு வேலை எவ்வளவு தேவைன்னு என் வீட்டுல சொல்லியிருந்தா. எனக்கும் ஆள் தேவை. சொல்ல மனசு வரலீங்க." டிக்கியைச் சாத்திவிட்டு, "நான் திருடலைங்கம்மா. ஆனா அந்தக் கத்தி வெளுத்துதான் போயிருக்குது. கடைசியா நீங்கதான் தொட்டீங்க. நான் கிரெக்கிட்ட சொல்லலை. நீங்க சொல்லுங்க, என்ன பண்ணுனீங்க?" என்றார்.

இப்போது என் முறை.

"புளி போட்டுத் தேய்ச்சனான்."

"புளியா?"

"பூண் கறுத்துக் கிடந்தது தம்பி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினார். "கிரெக் இருபது டாலர் பொலிஷ் வாங்கி வச்சிருக்காரு. நீங்க ரசம் வச்சிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கெட்ட நினைவு வந்தது, அதையும் எழுதவேண்டும். இந்தப் பார்சலைக் கிரெக்கிடம் காட்டினால் போதும். களவு செந்தில் தலையில் விழும். புளியைப் பற்றி ஒருவரும் கேட்கமாட்டார்கள். பொய் சொன்னவன்தானே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடம்தான். பிறகு உள்ளே போய் ஜொப் கார்ட் இருக்கும் மேசை லாச்சியைத் திறந்தேன்.

கொலினுடைய கார்ட் இருந்தது. கத்தியைக் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஓரத்தில் ஒரு மயிர் வெடிப்பு, அதே இடத்தில். நடுப் பின்னுக்குக் கீழே ஒரு பள்ளம் வழுக்கிக்கொண்டு விளிம்புவரை போயிருந்தது, அதுவும் அதே இடத்தில். இது கொலின் கொண்டுவந்த அதே கைப்பிடிதான். ஒருவரும் மாற்றவில்லை.

அந்த வழுக்கலை விரலால் தடவிப் பார்த்தேன். மற்றப் பள்ளங்கள் எல்லாம் வரிசையாகப் போகின்றன. மெஷின் வெட்டியது போல அச்சொட்டாக இல்லை. ஒன்று ஆழம், ஒன்று மெல்லிசு. ஆனால் வரிசை இருக்கிறது. மானுக்கு வரிசை தெரியாது. யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து கையால் செதுக்கியிருக்கிறார். ஒரு இடத்தில் உளி வழுக்கிவிட்டது. விளிம்பில் பார்த்தால் ஊசி குத்தியது போலக் கறுப்புப் புள்ளிகள் நீளவாக்கில் ஓடின. எங்கள் தட்டில் இருக்கும் துண்டுகளிலும் அதே புள்ளி உண்டு. அப்படியென்றால் இதுவும் அதேதான்.

கிரெக்கிடம் உண்மையான மான்கொம்புக் கத்தி ஒன்று கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. அதை எடுத்துத் தரும்படி செந்திலைக் கேட்டேன். அதிலும் பென்சில் தேய்த்தேன். எங்கள் தட்டில் இருந்த ஸ்கேல் ஒன்றிலும் தேய்த்தேன். மூன்று கடுதாசியையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தேன். எங்களுடையது கோலப்புத்தகம் போல ஒரே சீர். கொலினுடையது கை எழுத்துப் போலக் கொஞ்சம் கோணல். மான்கொம்பு மழை பெய்த மண் போல, ஒரு ஒழுங்கும் இல்லை. ஆங்கிலம் தெரியாதவருக்கும் விளங்கும்.

கொலின் வந்தார். கிரெக்கும் வந்தார். நான் கத்தியையும் கார்டையும் காட்டி, "பிஃபோர் சேம். ஆஃப்டர் சேம்" என்றேன். கொலின் குனிந்து வெடிப்பைப் பார்த்தார், வழுக்கலைப் பார்த்தார், திரும்ப வெடிப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். பிறகு மான்கொம்பில் தேய்த்த கடுதாசியைப் பார்த்தார்.

அப்போதுதான் கிரெக் அந்தச் சரித்திரத்தைச் சொன்னார். எனக்குச் செந்தில் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கத்தி செய்தவர்கள் கைப்பிடிக்கு மான்கொம்பு வைத்தார்களாம். ஈரக் கையில் வழுக்காமல் இருக்கும் என்பதற்காக. இந்தியாவிலிருந்தும் மூட்டை மூட்டையாகக் கொம்பு போனதாம். பிறகு கொம்பு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. மாட்டின் கால் எலும்பு மலிவு, எவ்வளவும் கிடைக்கும், ஆனால் வழவழ என்று இருக்கும். ஆகவே எலும்பைப் பலகையாக அறுத்து, கொம்பின் பள்ளம் மேடு போலச் செதுக்கி, சாயத்தில் அவித்து, மேட்டை மட்டும் தேய்த்து வெளுக்கவைத்து, கொம்பு போலச் செய்தார்களாம். முதலில் கையால், பிறகு மெஷினால். காலப்போக்கில் சனங்களுக்கு அந்தச் செதுக்கிய எலும்பே பிடித்துவிட்டது. எது முதல், எது போலி என்பதை மறந்துவிட்டார்கள்.

"அப்போது என் பாட்டன் மானைச் சுடவில்லையா?" என்று கொலின் கேட்டார்.

"சுட்டிருப்பார். கத்தியைக் கடையில் வாங்கியிருப்பார்" என்றார் கிரெக்.

கொலின் என் பக்கம் திரும்பினார். இது என்ன எலும்பு என்று என்னைக் கேட்டார். கிரெக்கையோ செந்திலையோ கேட்கவில்லை. கடுதாசி வைத்தவள் நான்தானே. செந்தில் நிலத்தைப் பார்த்தார்.

"கவ்" என்றேன். மாடு.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியாது. சொன்னபிறகு புளியையும் சொன்னேன். "ஐ வொஷ். மை மிஸ்டேக்." செந்தில் புளி என்றால் என்னவென்று விளக்கினார். கொலினுக்கு அது விளங்கவில்லை, ஆனால் என்னில் பிழை என்பது விளங்கியது. தன் அப்பா இதை ஒருநாளும் கழுவவிடமாட்டார் என்று மட்டும் சொன்னார். நிறம் திரும்ப வருமா என்று கேட்டதற்கு, பொக்கெட்டிலேயே வைத்திருங்கள், உங்கள் கைபட்டு நாலைந்து வருடத்தில் வரும் என்றார் கிரெக். கொலின் கத்தியை எடுத்துக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்கவில்லை. வாசலில் நின்று கைப்பிடியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பினாரோ இல்லையோ, எனக்கு இன்றுவரை சந்தேகம்.

6. அதன் பிறகு

என் வேலை போகவில்லை. கிரெக் செந்திலைத்தான் ஏசினார். எனக்கு எலும்பு என்று தெரியும் என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். ஒவ்வொரு தட்டிலும் அது எந்த மிருகம் என்று எழுதி ஒட்டவேண்டும். எழுது என்று மார்க்கரை என் கையில் தந்தார். செந்தில் ஒரு துண்டில் எழுதிக் காட்ட நான் பார்த்து எழுதினேன். மாடு, ஒட்டகம், மான். நான் எழுதப் பழகிய முதல் ஆங்கிலச் சொற்கள் அவைதான். ஒட்டக எலும்பும் இடைக்கிடை வரும். மான் தட்டு அநேகமாக வெறுமையாக இருக்கும்.

அங்கே இன்னும் ஆறு வருடம் வேலை செய்தேன். கையுறை போட்டுப் பார்த்தேன், அந்தச் சின்னப் பின்கள் விரலுக்குப் பிடிபடவில்லை, கழற்றிவிட்டேன். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

கோயிலுக்கு இரண்டு வெள்ளி போகவில்லை. மூன்றாவது வெள்ளி போனேன். செந்திலின் மனைவி வழக்கம்போலப் பூக்கூடையை என் பக்கம் தள்ளினாள். அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டுதான் தள்ளினாள். நான் கை நோகிறது என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் போனேன். அதற்குப் பிறகு நான் பூக் கட்டவில்லை. ஒரு குருக்களிடம் கேட்டிருக்கலாம். அவர் பரவாயில்லை என்று சொன்னால் எனக்காகச் சொல்கிறாரோ என்று சந்தேகப்பட்டிருப்பேன். கூடாது என்று சொன்னால் வேலையை விடவேண்டி வரும். ஆகவே கேட்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கைநோ என்றே சொன்னேன். இத்தனை வருடமும் நான் சொன்ன பொய் அது.

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பொருளில் சந்தேகம் வந்தால் வெளிச்சத்தில் வைத்துத் தடவிப் பாருங்கள், பொருள் பொய் சொல்லாது. ஆளில் சந்தேகம் வந்தால் நேரே கேட்டுவிடுங்கள். எனக்குக் கேட்க வெட்கம். முதல் நாளே அந்தக் கதவுக்குள் என்ன என்று கேட்டிருந்தால் ஆறு மாதம் ஒரு மனிதனைக் கள்ளனாகப் பார்த்திருக்கமாட்டேன். கேட்டபிறகு வருகிற பதில் பிடிக்காமல் போகலாம். அதற்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும். தொடாதே என்று சொன்ன கத்தியில் புளி போடாதீர்கள்.

மலர்க் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். கிரெக் சொன்ன சரித்திரத்தைத் தெரிந்த யாராவது சரிபார்க்கவேண்டும். அவர் இன்னொருநாள் இன்னொருவருக்கு அதைச் சொன்னபோது கொஞ்சம் வேறுமாதிரிச் சொன்னார். கொம்பு எங்கிருந்து போனது, எது முதல் வந்தது என்பதில் எனக்கு நிச்சயமில்லை. எழுத்துப் பிழைகளையும் திருத்துங்கள். வசனம் நீளமென்றால் வெட்டுங்கள். கோயிலுக்குப் போகிறவர்கள் வாசிக்கிற மலர் என்று யோசித்து, மாடு என்று நான் எழுதிய இடங்களில் மட்டும் வேறு சொல் போடவேண்டாம்.